இடங்கழியார் புராணமும் களவென்னும் வினாவும்

ஆலங்குடிப் பக்கத்துச் சைவ அன்பர்க்கு இடங்கழி நாயனார் அயலார் அல்லர். (ஈண்டுக் குறித்தது புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடி, குருத்தலமாகிய ஆலங்குடி வேறு.) நாயனார் ஆண்ட கோனாட்டுக் கொடும்பாளூர் இம்மாவட்டத்தின் மேற்பாகத்தில் உள்ளது. அவர் தோன்றிய வேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலின் மூன்று தளிகளுள் இரண்டு அங்கே இன்றும் நிற்கின்றன. இந்நாயனார் புராணம் சில செய்யுட்களில் அடங்குவது. ஆயினும் அது எழுப்பும் அறவினா சிறியதன்று.

கதை யாவரும் அறிந்ததே. அடியார்க்கு அமுதூட்டும் தொண்டுடையார் ஒருவர், பொருள் முற்றும் தீர்ந்தமையால், நள்ளிருளில் அரசரது நெற்கொட்டாரத்துட் புகுந்து நெல்லை முகந்தார். காவலர் அவரைப் பற்றி வேந்தர்முன் நிறுத்தினர். காரணம் வினவி உணர்ந்த வேந்தர் அவரை விடுத்ததோடு அமையாது, நெல்லேயன்றிப் பொருட்பண்டாரத்தையும் அடியார் எடுத்துச் செல்லுமாறு பறையறைவித்தார்.

இது களவைப் புகழ்வதாகாதோ என்பர் சிலர். அதற்கு நம்மவருட் பலர், 'சிவன் அடியார் பொருட்டுச் செய்தமையின் அது பாவமன்று' என ஒரே சொல்லில் விடையிறுத்து அமைவர். அவ்விடை போதாது. கருத்து நன்றாயின் செயலும் நன்றாம் என்று கொள்ளின், பிறர் பொருளை வவ்வும் எவனும் தனக்கொரு நற்கருத்தைக் கற்பித்துக்கொள்வான். ஈன்றவள் பசித்திருப்பினும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்தலாகாது என்பது வள்ளுவர் வினைத்தூய்மையில் வகுத்த எல்லை. தாயின் பசிக்கு இல்லாத விலக்கு விருந்தோம்பலுக்கு யாங்ஙனம் வரும்?

திருக்களிற்றுப்படியார் சிவதருமத்தை மெல்வினை, வல்வினை என இருவகைப்படுத்துகின்றது. இச்செயலை வல்வினையுள் அடக்குவம் எனின், அதுவும் பொருந்தாது. சிறுத்தொண்டர் துறந்தது தம் மகவை. அரிவாட்டாயர் அரியப் புகுந்தது தம் கழுத்தை. இவர் முகந்ததோ பிறர் நெல்லை. தமக்குரியதை இழத்தலும் பிறர்க்குரியதை எடுத்தலும் ஒன்றாகா.

அற்றேல் புராணத்தின் கருத்து யாது? சேக்கிழார் இருளை மறைத்திலர். கொட்டாரத்துட் புகுந்தமையை மறைத்திலர். தம் கடனாற்றிய காவலரைப் பழித்திலர். முகந்த தொண்டர் பெயரைத்தானும் சொல்லிற்றிலர். அறுபத்துமூவருள் எண்ணப்பெற்றவர் நெல்லை எடுத்தவர் அல்லர்; கொடுத்தவரே. ஆகவே 'எடுத்தது சரியோ' என்பது புராணத்தின் வினாவன்று. 'நிறைந்த கொட்டாரம் பூட்டியிருக்க, ஊட்டுவார் இருளில் வரவேண்டிய நிலை ஏன் வந்தது' என்பதே வினா. அதனைத் தம்மை நோக்கியே வினவிக்கொண்டமையால் அன்றோ அவர் நாயனார் ஆயினார்!

பிற சமயத்தாரும் இவ்விடத்தை அணுகியுள்ளனர். கிறித்தவ ஞானி தாமசு அக்குவைனாசு (மறைவு 1274), பிறிதொரு வழியின்றி உயிர்க்கு இடர் நேர்ந்தக்கால் பிறர் பொருளை எடுப்பது களவாகாது எனவும், அயலான் அத்தகைய இடரில் இருப்பின் அவன்பொருட்டு எடுத்தலும் ஆம் எனவும் கொண்டார். இவ்விதி பொருளினும் உயிரை மேலாக வைத்தது. ஆயினும் அடியாரை ஊட்டும் நியதிக்காக நெல் முகந்தார்க்கு அது முழுதும் பொருந்தாது.

கலீபா உமர் (ஆட்சி 634–644) செய்த தீர்ப்பு இன்னும் அணுக்கமானது. ஹாதிப் என்பாரின் அடிமைகள் ஒருவருடைய பெண் ஒட்டகத்தைக் களவாடி அறுத்தனர் என்று முவத்தா என்னும் தொகை கூறும். முதற்கண் கைகளைத் தறிக்கப் பணித்த உமர், 'நீர் இவர்களைப் பட்டினியிடுகின்றீர் போலும்' என ஆண்டானைக் கடிந்து, 400 திர்கம் பெறும் ஒட்டகத்துக்கு 800 திர்கம் அவரே இறுக்குமாறு செய்தார். குற்றம் எடுத்த கையினின்றும் பூட்டி வைத்த கைக்கு மாறியது. உமர் பிறரொருவரைத் தண்டித்துச் செய்ததை இடங்கழியார் தம்மையே ஒறுத்துச் செய்தார். அவரை இடித்துரைத்த நீதிபதி ஒருவரும் இலர்.

இன்னும் ஓர் ஆசங்கை எஞ்சும். அரசன் கொட்டாரத்து நெல் குடிகள் உழுது இறுத்த நெல்லன்றோ? அதனை ஒரு சமயத்து அடியார்க்கு வாரி வழங்க அவனுக்கு உரிமை யாது? இதனை எளிதில் தள்ளலாகாது. கண்மாயையும் மழையையும் நோக்கி உழுவார் மிக்க புதுக்கோட்டைச் சீமையில் ஒரு மரக்கால் நெல்லின் அருமையைச் சொல்லவேண்டுவதின்று. அக்கால முறையில் பண்டாரம் மன்னர்க்கே உரியதாகலின், அவர் தமதென எண்ணியதையே விடுத்தார் என்பதளவே இப்புராணம் தரும் விடை. பொதுப்பொருளைக் காப்பார்க்கு, அதனை விரும்பியவாறு வழங்கும் உரிமையை இது தரவில்லை.

ஆதலின் கோயிற்பொருளையும் அறக்கட்டளை நிதியையும் 'திருப்பணிக்கே' எனச் சொல்லிக் கணக்கின்றிக் கையாளுவார் இடங்கழியாரைத் துணைக்கு அழைத்தல் பொருந்தாது. அவர் திறந்தது தம் கொட்டாரம். அதனையும் பறையறைந்து, ஊர் அறியத் திறந்தார். ஐப்பசிக் கார்த்திகையில் அவர் குருபூசை செய்யும் அன்பர்கள், அன்று அமுதூட்டுதலோடு தத்தம் பூட்டினையும் தத்தம் கணக்கினையும் ஒருமுறை நோக்குவாராயின், அப்புராணத்தைக் கற்ற பயன் அடைந்தவராவர்.