இழுத்தால் பாய்ச்சல், தள்ளினால் பிரேக்

கார் ஓட்டக் கால் வேண்டாம். வேண்டவே வேண்டாம்! எங்கள் ஊர் குருவிநத்தத்தில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதில் வந்த போலியோ என் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. இன்று என் ஆட்டோமேட்டிக் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி. அதிலிருந்து கம்பிகள் இறங்கி இரண்டு பெடல்களோடும் சேர்கின்றன. இழுத்தால் ஆக்சிலரேட்டர், தள்ளினால் பிரேக். அது இடது கைக்கு. வலது கைக்கு ஸ்டியரிங்கில் பொருத்திய ஒரு குமிழ். ஒற்றைக் கையாலேயே முழு வட்டமும் சுற்றலாம். என்ன அருமையான யோசனை! பாகூரைத் தாண்டி, நெல் வயல்களுக்கு நடுவே கன்னியக்கோயில் போய்க் கடலூர் சாலையில் ஏறியதும் கைப்பிடியைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பேன். இருக்கை முதுகில் வந்து அழுத்தும் பாருங்கள், அந்தச் சுகத்துக்காகவே ஓட்டலாம்.

இந்த ருசி கண்ட பிறகுதான் மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். ஜெர்மனியின் பாராவன் நிறுவனம் ஸ்டியரிங் சக்கரமே தேவையில்லாமல் செய்துவிட்டது. சின்ன ஜாய்ஸ்டிக் போதும்: இடம் வலம் அசைத்தால் வண்டி திரும்பும், முன்னும் பின்னும் அசைத்தால் வேகமும் பிரேக்கும். கையின் அசைவு மின் சமிக்ஞையாகப் போய் மோட்டார்களை இயக்குகிறது. ஒன்று பழுதானாலும் வண்டி கைவிடாதபடி மும்மடங்குப் பாதுகாப்பு. விரல்களில் மட்டும் கொஞ்சம் வலு இருப்பவரும் ஓட்டலாம். இதே நுட்பம் பந்தயக் கார்களிலும் ஏறியிருக்கிறது!

அந்த விரல்களும் அசையாதவர்? அமெரிக்காவின் சாம் ஷ்மிட் இண்டிகார் பந்தய வீரராக இருந்தவர். 2000 ஜனவரியில் பயிற்சி ஓட்டத்தில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். ஏரோ எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர்கள் அவருக்காக ஒரு கார்வெட் காரை மாற்றியமைத்தார்கள். தலை திரும்பும் திசையைக் கேமராக்கள் படித்து வண்டியைத் திருப்பும். 2014-ல் இண்டியானாபொலிஸ் பந்தயப் பாதையில் மறுபடி ஓட்டினார். 2016-ல், குழாயில் ஊதினால் வேகம், உறிஞ்சினால் பிரேக் என்ற அமைப்போடு அங்கேயே மணிக்கு 152 மைல், ஏறத்தாழ 245 கிலோமீட்டர்! மூச்சாலேயே ஓட்டியிருக்கிறார் மனிதர். அந்த ஓட்டத்தின் காணொளியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போக, வேலைக்குப் போக என்றுதான் எங்களுக்கான வண்டியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் ஷ்மிட் ஆஸ்பத்திரிக்குப் போகவா ஊதினார்? பாய்ந்து போகும் இன்பத்துக்கு நாங்களும் ஆசைப்படுவோம், ஆசைப்பட வேண்டும்.

கால் முடியாதவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் தயங்காமல் என்னிடம் அழைத்து வாருங்கள். வண்டியில் மாற்றம் செய்ததும் பதிவுச் சான்றில் அதை ஏற்ற வேண்டும், உரிமமும் அதற்கேற்ப எடுக்க வேண்டும். அந்த வேலைக்குக் கூடவே வருகிறேன். முதலில் ஒரு தடவை அந்தக் கைப்பிடியை அவர் இழுத்துப் பார்க்கட்டும்!