வெளியே போகச் சொன்னவர்

1966இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற கணினி நிரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய செயலாளரின் கதையைத் தவறாமல் சொல்கிறார்கள். எலைசாவுடன் சில வரிகள் தட்டச்சு செய்ததும் அந்தப் பெண் வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். இயந்திரத்தை மனிதராக நம்பிய பேதைமைக்கு இது சான்றாம். எனக்கு அப்படிப் படவில்லை. மாதக்கணக்காக அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் என்று வைசன்பாமே 1976இல் வந்த தன் நூலில் எழுதுகிறார். நிரல் என்னவென்று தெரிந்தவர். தன் பேச்சை மேலதிகாரி படிக்கக்கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். கதையில் அவருக்குப் பெயர்கூட இல்லை.

கட்டுரையில் மாதிரியாக அச்சான உரையாடலும் ஒரு பெண்ணுடையதே. ஆண்கள், காதலன், தந்தை என்று போகிறது. கார்ல் ரோஜர்ஸ் வழி வந்த உளவியல் ஆலோசகரைப் போல, எலைசா அவள் சொற்களையே கேள்வியாக்கித் திருப்புகிறது. பதில் அகப்படாதபோது, 'என்' என்று அவள் முன்பு சொன்ன ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுகிறது. அந்த இடம்தான் கூர்ந்த கவனிப்பாகத் தோன்றுகிறது! பெயர் ஷாவின் 'பிக்மேலியன்' நாயகியுடையது. பேசக் கற்பிக்கப்பட்டவள் என்பது மட்டும் நிரலுக்கு வந்தது. பேராசிரியரை எதிர்த்துப் பேசிவிட்டு அவள் வெளியேறுவது வரவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் கேட்போரையும் செய்யுள் உறுப்பாக எண்ணுகிறது. குறுக்கிடாத கேட்போர் அந்த அலுவலகத்தில் செயலாளருக்கு வேறு யார்? இன்று உரையாடல் செயலியிடம் ஒரு பெண் தட்டுவது ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. வெளியே போகச் சொல்ல அங்கே யாரும் கண்ணுக்குத் தெரிவதில்லை.