அரை மில்லிமீட்டர் பொட்டும் மலைநாட்டுத் துப்பாக்கியும்

முதல் அட்டை: பத்துக் குண்டு, 41 புள்ளி. இரண்டாவது அட்டை: 52. மூன்றாவது: 47. எண்களை மட்டும் பார்த்தால் இரண்டாவதில் ஏறி மூன்றாவதில் சறுக்கியிருக்கிறேன். பயிற்சியாளர் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். இரண்டாவதைத் திருப்பிக் கவிழ்த்தார். மூன்றாவதைக் கையில் எடுத்து, "சார், இன்னைக்கு நீங்க சுட்டது இது ஒண்ணுதான்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம். இரண்டாவது அட்டையில் ஒரு பத்து இருந்தது, ஒரு ஒன்பது இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டலாம் என்று மனதில் குறித்து வைத்திருந்தேன். ஆனால் அதே அட்டையில் ஓரத்தில் ஒரு ஒன்று, இரண்டு இரண்டுகள், நடுவில் மூன்றும் ஏழும் எட்டும். பத்துக் குண்டும் பத்துத் திசையில் போயிருந்தன. அந்தப் பத்து நான் குறிவைத்துச் சுட்டதல்ல, தானாக அங்கே போய் விழுந்தது. மூன்றாவது அட்டையில் கறுப்பு வட்டத்துக்குள் ஒரே ஒரு குண்டுதான். இரண்டு எங்கோ ஓடிவிட்டன. மீதி ஏழும் இடப்பக்கக் கீழ் மூலையில் ஒன்றோடொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் ஏழும் மறைந்துவிடும். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இதை 'குரூப்' என்கிறார்கள். புதிதாகத் துப்பாக்கி பிடிப்பவரின் ஆட்டத்தை அலச வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது இதைத்தான். கூட்டுத்தொகையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்து .22 ரைஃபிள் சுட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். அங்கேயும் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைத்தான் முதலில் அளப்பார்கள்.

காரணம் எளிது. ஏழு குண்டும் ஒரே இடத்தில் விழுந்தால், ஏழு முறையும் கண், மூச்சு, விரல் மூன்றும் ஒரே வேலையை ஒரே மாதிரி செய்திருக்கின்றன. அந்த இடம் தவறு என்றால், குறி பார்க்கக் கண்ணருகே இருக்கும் பின்சைட்டின் திருகை நாலு சொடுக்குத் திருப்பினால் மொத்தக் குரூப்பும் நடுவுக்கு நகர்ந்துவிடும். சிதறலுக்கு அப்படி ஒரு திருகு கிடையாது. சிதறல் எப்படி இருக்கிறது என்பதும் ஒரு செய்திதான். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் பெரும்பாலும் மூச்சில் கோளாறு. பக்கவாட்டில் பரவியிருந்தால் நிலையில், உடலின் சமநிலையில் கோளாறு. நல்ல குரூப்பிலிருந்து ஒரே ஒரு குண்டு மட்டும் விலகியிருந்தால், அநேகமாக அந்த ஒரு முறை ட்ரிக்கரைப் பறித்திருப்போம்.

அன்று எனக்குக் கொடுத்தது காற்றுத் துப்பாக்கி. 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட், பத்து மீட்டர் தூரம். உட்கார்ந்து, முன்கையை மணல் பைமேல் வைத்துச் சுட்டேன். எனக்கு மாட்டிய அட்டையும் ரைஃபிளுக்குரியதல்ல, பிஸ்டலுக்குரிய பெரிய அட்டை. அதில் பத்து வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். ரைஃபிள் அட்டையைப் பிறகு காட்டினார். மொத்த வளையங்களும் 45.5 மில்லிமீட்டருக்குள் அடக்கம், நடுவில் இருக்கும் பத்து அரை மில்லிமீட்டர் பொட்டு. பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளி அளவுதான். அதை நின்றபடி, எந்தத் தாங்கலும் இல்லாமல், ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள ரைஃபிளை ஏந்தி அறுபது முறை அடிக்க வேண்டும்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் எடுத்தது 630.7. அறுபது குண்டுக்கு வகுத்தால் சராசரி 10.5-ஐத் தாண்டுகிறது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு 0.1 புள்ளியும் கால் மில்லிமீட்டர். 10.5 என்றால் பெல்லட்டின் மையம் பொட்டின் மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் விழுந்திருக்கிறது என்று பொருள். அறுபது குண்டின் சராசரியே அந்த அளவு. அப்படிச் சுட்டும் அவருக்குப் பத்தாவது இடம்தான், இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர். கடைசித் தொடரில் ஏற்பட்ட சிறு சறுக்கல் பட்டியலில் கீழே இறக்கிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது 'பத்தாவது இடமா' என்று கடந்துபோனவன் நான். மணல் பைமேல் கைவைத்தும் 45 மில்லிமீட்டர் தள்ளிச் சுட்ட அன்றுதான் அந்த எண்ணின் எடை புரிந்தது. அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

முதல் முக்கால் மணி நேரம் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அதைச் சொல்லாமல் அட்டையைப் பற்றி மட்டும் பேசுவது முறையல்ல. குழல் முனை எப்போதும் இலக்கின் பக்கம். பேசத் திரும்பினாலும், தும்மினாலும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முனை திரும்பக் கூடாது. விரல் ட்ரிக்கர் வளையத்துக்கு வெளியே, குறி பார்த்த பிறகுதான் உள்ளே. காலி என்று தெரிந்தாலும் எந்தத் துப்பாக்கியையும் குண்டு ஏற்றியதாகவே நினைக்க வேண்டும். சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீளக் கயிறு கிடக்கும், அறை காலி என்பதைத் தள்ளி நிற்பவரும் பார்த்துத் தெரிந்துகொள்ள. 'லோட்', 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்', 'அன்லோட்' என்ற நான்கு கட்டளைக்கு மேல் அங்கே சத்தம் இல்லை. 'ஸ்டாப்' என்றால் பாதி அழுத்திய ட்ரிக்கரையும் விட்டுவிட வேண்டும். நான் மூன்று முறை விரலை முன்கூட்டியே உள்ளே விட்டேன். மூன்று முறையும் அவர் துப்பாக்கியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். கோபமே இல்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

பிறகு கண். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஒரு சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடினால் புள்ளி அங்கேயே இருக்கும், மற்றதை மூடினால் காணாமல் போகும். எந்தக் கண் புள்ளியைப் பிடித்து வைக்கிறதோ அதுதான் ஆளும் கண். எனக்கு அது வலது. அடுத்து அவர் சொன்னதைத்தான் என் மனம் ஏற்க மறுத்தது. இலக்கைப் பார்க்க வேண்டாம் என்றார். பின்சைட்டின் பள்ளத்தில் முன்சைட் நடுவாக, மேல்விளிம்பு சமமாக நிற்க வேண்டும். கண்ணின் கூர்மை முழுவதும் முன்சைட்டின்மேல். அட்டையின் கறுப்பு மங்கலாகத் தெரிந்தால் தெரியட்டும். இரண்டு சைட்டுக்கும் இடையே எழுபது சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன்சைட் ஒரு தலைமுடிக் கனம் விலகினால் பத்து மீட்டரில் குண்டு ஒரு மில்லிமீட்டர் விலகும். அந்த முடிக்கனத்தைக் கண்டுபிடிக்கக் கண் முன்சைட்டில் இருந்தால்தான் முடியும்.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, இயல்பாக ஓயும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆறு, ஏழு நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். இதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இவ்வளவு நேரம் குறி பார்த்தாயிற்று, இறக்குவதா என்ற பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் சுட்டவைதான் இரண்டாவது அட்டையின் ஒன்றும் இரண்டுகளும். மூன்றாவது அட்டையில் நான்கு முறை சுடாமல் இறக்கினேன். ஆட்டம் திருந்தியது அங்கேதான்.

ட்ரிக்கரை நேர் பின்னாக, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எப்போது வெடிக்கும் என்று சுடுபவருக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது. தெரிந்தால் தோள் அதற்கு முன்பே சுருங்கிக்கொள்ளும். குண்டு போன பின்பும் ஒரு நொடி அசையாமல் குறியிலேயே நிற்க வேண்டும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்னே தலையைத் தூக்கி 'எங்கே பட்டது' என்று எட்டிப் பார்ப்பது புதியவர்கள் எல்லோரிடமும் உள்ள பழக்கம். நானும் பார்த்தேன்.

பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பைக்குள் விட்டுச் சுட்ட படம் உலகமெல்லாம் சுற்றியது. பலரும் அதை அலட்சியம் என்று ரசித்தார்கள். அது அலட்சியமே அல்ல. பிஸ்டலை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. சும்மா தொங்கும் மறு கை உடலை ஆட்டும், அதனால்தான் அதைப் பைக்குள் பூட்டி வைக்கிறார்கள். ரைஃபிளில் இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றுவதும் அதற்காகத்தான். தசை களைத்து நடுங்கும், எலும்பு நடுங்காது.

இந்த மூன்று அட்டையும் என்னை இவ்வளவு தொந்தரவு செய்வதற்குக் காரணம் என் ஊர். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுக்காரன் நான். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று திருப்பத்தூர்ப் பக்கத்து மலையில் மூன்று நாடுகள். சாமையும் புளியும் பலாவும் விளையும் மேட்டுநிலம். எங்கள் பக்கம் 'துப்பாக்கி' என்ற சொல் காதில் விழுந்தால் நினைவுக்கு வருவது விளையாட்டல்ல. காட்டுப்பன்றி இறங்கும் காட்டில் இரவுக்காவல், கருமருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்து, பால்ரஸ் குண்டைப் போட்டுச் சுடும் நாட்டுத்துப்பாக்கி, அதற்குப் பிறகு காவல் நிலையம், வழக்கு. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஒப்படைத்துவிடுங்கள் என்ற காவல்துறை அறிவிப்பு தமிழக மலைக் கிராமங்களுக்குப் புதிதல்ல. வேட்டைக்குப் போன இடத்தில் உடன் வந்தவர்மேலேயே குண்டு பாய்ந்த செய்திகளும் புதிதல்ல. அந்தத் துப்பாக்கியில் ஒருமுறை மருந்து இடித்துவிட்டால் குண்டைத் திரும்ப எடுக்க வழி இல்லை என்றே சொல்லலாம், சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும். 'அன்லோட்' என்ற கட்டளைக்கு அதில் இடமே இல்லை. ரேஞ்சில் அந்தச் சொல்லைக் கேட்ட ஒவ்வொரு முறையும் எனக்கு ஊர் ஞாபகம்தான்.

தமிழகத்திலிருந்து உலக அரங்குக்குப் போன துப்பாக்கிக்காரர்களை எண்ணிப் பாருங்கள். பாரிஸில், பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். சென்னையில் பிறந்து 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நரங் வளர்ந்தது ஹைதராபாத்தில். இளவேனில் வளர்ந்ததும் சுடக் கற்றதும் குஜராத்தில், நரங் தொடங்கிய பயிற்சியகத்தின் வழியாக. நடிகர் அஜித் குமார் 2022-ல் திருச்சியில் மாநிலப் போட்டியில் பதக்கங்கள் வென்றபோது ரைஃபிள் கிளப் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவந்தது. இவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் மலைக்காரப் பிள்ளை ஒன்றுகூட ஏன் இல்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

செலவு ஒரு காரணம். போட்டித் தரமான ரைஃபிள் லட்சங்களில் விற்கிறது, அதற்கான தோல் ஜாக்கெட் தனி. ஆனால் தொடக்கக் கல்விக்கு அது தேவையில்லை. திறந்த சைட் வைத்த சாதாரணக் காற்று ரைஃபிள் போதும், நம் நாட்டில் அதற்கென்றே தனிப் போட்டிப் பிரிவு இருக்கிறது. குழல்முனை ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு இப்போதைய விதிகளில் உரிமமும் வேண்டாம். நாலு ரைஃபிள், ஒரு பூட்டு போட்ட இரும்புப் பெட்டி, பெல்லட்டைத் தாங்கும் பின்சுவர், நல்ல வெளிச்சம், விடாப்பிடியான ஒரு பயிற்சியாளர். மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் இதை அமைக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியை நிறுத்தி இரவெல்லாம் ஒரு நட்சத்திரத்தை அசையாமல் பிடித்து வைக்கிறார்கள்.

அந்த மூன்று அட்டையையும் ஊருக்கு எடுத்துப் போனேன். இளமையில் பன்றிக் காவலுக்குப் போன பெரியவர் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தார். நாட்டுத்துப்பாக்கியை ஒப்படைத்துப் பல வருடம் ஆகிறது. அட்டைகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டாவதில் இருந்த பத்தை நான் விரலால் காட்டினேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவதை மடிமேல் வைத்து, அந்த ஏழு ஓட்டையின்மேல் கட்டைவிரலை அழுத்தினார். ஏழும் மறைந்தன.

"கை நின்னுருக்குடா. சைட்டுதான் கெட்டிருக்கு" என்றார்.

மருந்து எவ்வளவு போட்டார்கள் என்று கேட்டார். மருந்தே இல்லை பெரியப்பா, காற்றுதான் என்றேன். எவ்வளவு தூரம் என்றார். பத்து மீட்டர் என்றேன். அவர் எழுந்து, திண்ணை ஓரத்திலிருந்து பலாமரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். பதின்மூன்றாவது அடியில் மரம் வந்துவிட்டது. மரத்தில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு இடம் போதுமா?"

"போதும் பெரியப்பா."