வெள்ளை நாயும் நான்கு முழச் சங்கிலியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையடிவாரம் போகிறவர்கள், கரும்புக் கொல்லையில் மோட்டார் கொட்டகையோரம் கட்டிக் கிடக்கும் வெள்ளை நாயைப் பார்த்திருக்கலாம். ஊர் நாய் அல்ல. காசு கொடுத்து வாங்கிய ராஜபாளையம். ஒயர் திருடனுக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து வாங்கியது.

வாங்கியதில் தப்பில்லை. தோள்வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம், ஒட்டிய வயிறு, நீண்ட கால். பன்றி வேட்டைக்கு ஓடிப் பழகிய இனம். வீட்டாரிடம் குழையும், அந்நியரை அண்டவிடாது. முடி குட்டை என்பதால், நிழலும் தண்ணீரும் இருந்தால் சித்திரை வெயிலைத் தாங்கிவிடும். 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய இனங்களில் இதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலிப் பேச்சில் பெயர் சொன்னபின் கிராக்கி இன்னும் ஏறியது.

அங்கேதான் முதல் கோளாறு. பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும் இருந்தால்தான் ‘ஒரிஜினல்’ என்கிறோம். அந்த நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரக்கூடும். நிறத்துக்காகவே நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்தால் கேட்கவே வேண்டாம். காது கேளாத காவல் நாய்! குட்டி வாங்கப் போகிறவர் மூக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தூங்கும் குட்டிக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றுவதில்லை.

அதைவிடப் பெரிய தவறு சங்கிலி. நான் பார்த்த ஒரு நாயைச் சுற்றி மண் வட்டமாகத் தேய்ந்து கல்லாக இறுகியிருந்தது. வட்டத்துக்கு வெளியே அருகம்புல், உள்ளே ஒன்றுமில்லை. பட்டை அழுத்திய கழுத்தில் முடி கொட்டியிருந்தது. காது மடலுக்குள் ஆமணக்கு விதைபோல் உப்பிய உண்ணிகள். தட்டில் காலையில் போட்ட மோர்ச்சோறு, மேலே ஈ. ஓடப் பிறந்ததை இப்படி வைத்தால் நிழல் அசைந்தாலும் குரைக்கும். அறுத்துக்கொண்ட நாளில் பால்காரரையோ பள்ளிப் பிள்ளையையோ கடிக்கும். பழி இனத்தின்மேல் விழும்.

மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் மலையாளிப் பழங்குடியினரின் நாய்க்குப் பெயர்போன இனமெல்லாம் கிடையாது. விடிந்ததும் ஆட்டோடு போகும், இருட்டினால் வாசலில் சுருண்டுகொள்ளும். வீட்டார் யார், வழிப்போக்கர் யார் என்று திரிந்தே கற்றுக்கொள்கிறது. அதற்காக அந்த வழக்கத்தை அப்படியே மெச்சவும் மனம் வரவில்லை. அவிழ்த்துவிட்ட நாய் காட்டில் முயலையும் மானையும் துரத்தும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய் ஒன்று போதும், கடிபட்டவர்கள் ஊசிக்காக மலை இறங்க.

ராஜபாளையம்தான் வேண்டும் என்றால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் தினமும் செய்ய வேண்டியவை. எட்டு வாரம் முடியும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. அந்த வயதிலிருந்தே ஊராரையும் பிள்ளைகளையும் பார்த்துப் பழக வேண்டும். சோற்றோடு முட்டையோ கறியோ வேண்டும். காலையும் மாலையும் ஓட்டம் வேண்டும். இரவில் வேலிக்குள் அவிழ்த்துவிட வேண்டும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு ஆண்டுதோறும். தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் தயவுசெய்து ராஜபாளையம் வாங்க வேண்டாம். மோட்டார் கொட்டகைக்கு நல்ல பூட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.