திரையில் ஒரு நிறம், தாளில் வேறு நிறமா?
ஐ.சி.சி. நிற விவர முறை: ஒரு மதிப்பீடு

கணிப்பொறித் திரையில் பொன்னிறமாக மின்னும் மாம்பழம், வீட்டு அச்சுப்பொறியில் பச்சை கலந்த மஞ்சளாக வெளிவருகிறது. உடனே மையின் மீது பழி போடுகிறோம். ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. தாளிலோ மை வெள்ளொளியின் ஒரு பகுதியை விழுங்கி, எஞ்சியதை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. சியான் மை சிவப்பையும், மெஜந்தா மை பச்சையையும், மஞ்சள் மை நீலத்தையும் விழுங்கும். ஒன்று கூட்டல், மற்றது கழித்தல். இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை.

அந்தப் பணிக்காக 1993ஆம் ஆண்டு 8 நிறுவனங்கள் கூடி ஐ.சி.சி. என்ற அமைப்பைத் தோற்றுவித்தன. ஒவ்வொரு கருவியின் நிறங்களையும் அளந்து, மனிதப் பார்வையை அடிப்படையாகக் கொண்ட 1931ஆம் ஆண்டின் சி.ஐ.இ. அளவுமுறையுடன் பொருத்தும் கோப்பே 'நிற விவரம்'. இதன் அழகைப் பாராட்டியே ஆக வேண்டும். 10 திரைகளையும் 10 அச்சுப்பொறிகளையும் நேரடியாக இணைத்தால் 100 மொழிபெயர்ப்புகள் வேண்டும். பொது அளவு ஒன்று இருப்பதால் 20 போதும்.

ஆனால் இம்முறை ஏழை வீட்டுக்கு வரும்போது இடறுகிறது. ஓர் அச்சு விவரம், குறிப்பிட்ட அச்சுப்பொறி, மை, தாள் ஆகிய மூன்றின் சேர்க்கைக்கு மட்டுமே பொருந்தும். விலை மலிவு என்று வேறு மை ஊற்றினால் அது பொய்யாகிவிடும். ஆனால் எச்சரிக்கை எதுவும் வராது. படம் திருத்தும் மென்பொருளும் அச்சுப்பொறியின் மென்பொருளும் தனித்தனியே நிறத்தை மாற்றினால், ஒரே படம் இருமுறை மொழிபெயர்க்கப்பட்டுக் கெடும். திரையின் பளீரென்ற பச்சையும் நீலமும் சில மைகளுக்கு எட்டாதவை. எந்த விவரமும் அவற்றைத் தாளில் கொண்டுவராது.

அளவுக்கருவி வாங்க இயலாத மாணவர் என்ன செய்யலாம்? மை, தாள் இரண்டையும் அடிக்கடி மாற்றாதீர்கள். நிறுவனத்தின் சொந்த மை என்றால், தாள் தயாரிப்பாளர் உங்கள் அச்சுப்பொறிக்கெனத் தரும் இலவச விவரத்தைப் பயன்படுத்துங்கள். நிறமாற்றத்தை ஒரே இடத்தில் மட்டும் செய்யுங்கள். வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போகும்வரை திரையின் ஒளியைக் குறையுங்கள். பிறகு, சாம்பல் நிறப் படிகளும் மனித முகமும் உள்ள சிறு சோதனைப் படம் ஒன்றை அச்சிட்டு, மை நன்கு உலர்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறக்கோளாறு இருந்தால் சாம்பல் காட்டிக்கொடுத்துவிடும். சிறிது சிறிதாகத் திருத்துங்கள். முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப அச்சிட்டு மையை வீணாக்குவதைவிட இது மலிவு.

ஐ.சி.சி. முறையின் அறிவியலில் குறையில்லை. அளவுக்கருவி கையில் இருப்பவர்களை மனத்தில் கொண்டு அது வளர்ந்ததே குறை. அம்மாவின் முகம் நம் கண்ணறிந்த நிறத்தில் தாளில் வர வேண்டும் என்பது ஆடம்பர ஆசையன்று. மையும் தாளும் மாறியதைப் பயனாளருக்குத் தானே அறிவிக்கும் அச்சுப்பொறி எல்லா வீடுகளுக்கும் கிடைக்கும்போதுதான் இம்முறை முழுமை பெறும்.