கள்ளச் சந்தையும் கதைமாந்தரும்

தேயிலை பசியாற்றாது. கம்போங் ராஜாவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போர்க்கு அரிசி என்பது கீழிருந்து மலையேறி வரவேண்டிய பொருளாகும். அமைதிக் காலத்திலேயே மலாயா தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து பெற்றுவந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியபின் அவ்வரவு குன்றிற்று. பங்கீட்டு அரிசி போதவில்லை. மரவள்ளிக் கிழங்கும் கள்ளச் சந்தையுமே எஞ்சின. அக்கால மலாயாத் தமிழர் வாழ்வைக் கூறும் படைப்புகளை மதிப்பிட இப்பின்னணி இன்றியமையாதது.

தண்டனை மிகக் கடுமையாயிருந்த ஆட்சியில்தான் சட்டமீறல் அன்றாட வழக்கமாயிற்று என்பது முரணாகத் தோன்றலாம். மக்கள் வாளுக்கு அஞ்சினர், சட்டத்தை மதித்தாரில்லை. வாழைமரம் பொறித்த நோட்டு வரம்பின்றி அச்சிடப்பட்டு மதிப்பிழந்தது. கட்டுப்பாட்டை விதித்த ஆட்சியின் அதிகாரிகளே மறைவில் பொருள் வாங்கினர். இந்நிலையில், மறைத்து விற்றவன் குற்றவாளி என்னும் பெயரை இழந்து கெட்டிக்காரனானான். சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஆள்பிடித்தபோது காட்டில் ஒளிந்ததும் ஆணைமீறலே. அதனைக் குற்றம் என்பார் யார்? ஆயின் அவ்வாறு ஒளிந்தவனையும், அண்டை வீட்டுப் பசியைத் தன் ஆதாயமாக்கியவனையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. படைப்பாளிக்குச் சோதனை இங்கேதான்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) மைடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழைவதோடு தொடங்குகிறது. போர்க்கால வணிகரை அந்நாவல் தீயோராகவும் தீட்டவில்லை, தியாகியராகவும் உயர்த்தவில்லை. எள்ளல் கலந்த நடையில், கொடி மாறியதும் கணக்கையும் மாற்றிக்கொள்ளும் மனிதராகவே காட்டுகிறது. அறவுரையை எதிர்நோக்கும் வாசகர்க்கு இது குறையாகப் படலாம்; உண்மையில் நாவலின் வலிமையே அதுதான்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' (2005) ஆகியவை பாதையில் மாண்டோர்க்குத் தமிழுலகம் பட்ட கடனைத் தீர்க்க முயன்றவை. ஆனால் ஆள்பிடிக்கத் துணைநின்றோரிலும் தமிழர் இருந்தனர். அன்னோரின் உள்ளத்தைத் திறந்து காட்டும் தனி நாவல் ஒன்று எழுதப்படத் தக்கது. வெறுப்போடு மட்டும் அணுகினால் அது கைகூடாது.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் வந்தது. ஜப்பானிய நோட்டு செல்லாததாயிற்று. கள்ளச் சந்தையோ செல்லாததாகவில்லை. பி.எம்.ஏ. என்னும் அந்நிர்வாகத்தின் சுருக்கப்பெயரைக் 'கள்ளச் சந்தை நிர்வாகம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடராக விரித்து மக்கள் நகையாடினர். சரணடைவோடு கதையை முடித்துக்கொள்ளும் எழுத்தாளர், ஆட்சி போனபின்னும் பழக்கம் போகாத இவ்விரண்டாம் பகுதியை முற்றிலும் இழந்துவிடுகிறார்.