பாடும் பிரமாணமும்: பழவேற்காட்டிலிருந்து நேர்மையை வாசித்தல்

1

சர்வதேச நிறுவனங்கள் எழுதித் தள்ளும் பிரதிகளில் நம் விமர்சனத்துக்கு அதிகம் தப்பித்துக்கொண்டது அவற்றின் நடத்தை விதித் தொகுப்புதான். கடன் நிபந்தனைகளை எதிர்த்துத் தெருவுக்கு வருகிறோம். திட்ட அறிக்கைகளைக் கிழிகிழியென்று கிழிக்கிறோம். ஆனால் ஊழியர் அன்பளிப்பு வாங்கக்கூடாது, மோசடி தெரிந்தால் புகார் செய்ய வேண்டும் என்கிற வாக்கியங்கள் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறோம். நேர்மைக்கு எதிராக யாருய்யா பேசுவான்? அந்த மௌனத்தில்தான் இப்பிரதியின் அதிகாரம் இருக்கிறது. அது யாரைத் திருடன் என்கிறது, யாருடைய இழப்பை இழப்பாகக் கணக்கில் எடுக்கிறது, புகார் சொல்லும் உரிமையை யாருக்குத் தருகிறது? இந்த மூன்று கேள்விகளோடு அதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் போனால் ஏரிக்கரையில் பழவேற்காடு. உலகின் முதல் பெரும் பன்னாட்டுக் கம்பெனி ஒன்று எண்பது ஆண்டுகள் சோழமண்டலக் கரையை ஆண்ட தலைமையிடம் அது. வாசிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.

2

1602-இல் உருவான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டச்சு மொழியில் மூன்றெழுத்துச் சுருக்கம்: வி.ஓ.சி. (நமக்கு வ.உ.சி. என்றால் வேறு ஆள், வேறு கம்பெனி, வேறு அறம். அது இருக்கட்டும்.) 1610-இல் பழவேற்காட்டில் காலூன்றி, பிறகு கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். கப்பலேறும் ஊழியன் ஒவ்வொருவனும் கம்பெனி விதிகளுக்குக் கட்டுப்பட்டுப் பிரமாணம் செய்தாக வேண்டும். சொந்த வியாபாரம் கூடாது என்பது அவற்றில் முக்கியமான விதி. சம்பளமோ சொற்பம். விளைவு நாம் ஊகிக்கக்கூடியதுதான். கம்பெனிக் கப்பலிலேயே சொந்தச் சரக்கு ஏறியது. கொள்முதல் விலை ஏட்டில் ஒன்றாகவும் கையில் ஒன்றாகவும் இருந்தது.

இதை ஒழிக்க 1684-இல் கம்பெனியின் இயக்குநர்களான 'பதினேழு கனவான்கள்' ஹென்ரிக் ஆட்ரியான் வான் ரீடு என்பவரை ஆணையராக நியமித்தார்கள். வங்காளம், சோழமண்டலம், இலங்கை, மலபார் எல்லாம் அவர் விசாரணைக்குள் வந்தன. மலபார்த் தாவரங்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக்கிய 'ஹோர்டுஸ் மலபாரிக்குஸ்' நூலின் கர்த்தா இவரே. இலையையும் வேரையும் வகைப்படுத்திய அதே கண் இப்போது ஊழியர்களின் களவை வகைப்படுத்த வந்தது. 1690 வாக்கில் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போனது. 1691 டிசம்பரில் சூரத்துக்குப் போகும் வழியில் வான் ரீடு கப்பலிலேயே இறந்தார். விஷம் வைத்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

களவு நின்றதா? 1745-இல் பட்டாவியாவில் கள்ள அபினி வியாபாரத்தைக் கட்டுப்படுத்த ஒரு சங்கம் அமைத்தார்கள். அதில் பங்குதாரர்களாகச் சேர்ந்தவர்கள் கம்பெனியின் உயரதிகாரிகள். நேற்றுவரை மோசடியாக இருந்தது ஒரு கையெழுத்தில் முதலீடாகிப் போயிற்று. 1799-இல் கம்பெனி முற்றாகக் கலைந்தபிறகு, ஊழலில் மூழ்கிச் செத்தது என்று அந்த மூன்றெழுத்துக்கே டச்சுக்காரர்கள் கேலியாக விரிவு சொன்னார்கள்.

வழக்கமான வரலாறு இந்த இடத்தில் நின்று, 'கண்காணிப்பு போதவில்லை' என்று நீதி சொல்லும். நாம் நிற்கவேண்டிய இடம் வேறு. இதே பழவேற்காட்டுத் துறையிலிருந்துதான் பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்கு ஏழைகள் அடிமைகளாகப் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1640-களின் பஞ்சத்தில் சோற்றுக்கில்லாமல் விற்கப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. இது கம்பெனி ஏட்டில் ஒளிவுமறைவில்லாமல் வரவு வைக்கப்பட்டது. ஊழியன் ஒரு மூட்டைத் துணியைத் தன் பெயரில் ஏற்றினால் பிரமாண மீறல். கம்பெனி ஒரு கப்பல் மனிதர்களை ஏற்றினால் வியாபாரம். இந்தப் பிரதியில் திருட்டு என்பதற்கு ஒரே பொருள்தான்: எஜமானிடமிருந்து எடுப்பது. எஜமான் எடுப்பதற்கு அதில் சொல்லே இல்லை.

3

இன்றைய சர்வதேச நிறுவனங்களை டச்சுக் கம்பெனியோடு ஒரே தட்டில் வைப்பது அபத்தம். ஆனால் இலக்கணம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கலாம்.

ஐ.நா. 1994-இல் உள்மேற்பார்வை அலுவலகம் ஒன்றைத் தொடங்கியது. பத்தாண்டு கழித்து ஈராக்கின் 'எண்ணெய்க்கு உணவு' திட்டம் நாறியது. 2,200-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் சதாம் அரசுக்குச் சட்டவிரோதப் பணம் கொடுத்ததாக 2005-இல் வோல்க்கர் குழு சொன்னது. 2006-இல் நன்னெறி அலுவலகம் வந்தது. உலக வங்கி 2008 ஜனவரியில் இந்தியாவில் தான் கடன் கொடுத்த ஐந்து சுகாதாரத் திட்டங்களை ஆராய்ந்து, மோசடிக்கான கடுமையான அறிகுறிகள் இருப்பதாக அறிவித்தது. ஒரிசாவில் வேலை முடிந்ததாகச் சான்று தரப்பட்ட மருத்துவமனைகளில் கூரை ஒழுகியது. அதே 2008-இல், வங்கி ஊழியர்களுக்கு முறையற்ற சலுகைகள் கொடுத்ததற்காக சத்யம் கம்ப்யூட்டர்ஸை எட்டாண்டுகளுக்கு வங்கி விலக்கிவைத்தது.

இவற்றைச் செய்ததும் வெளியிட்டதும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தண்டனையின் வடிவத்தைப் பாருங்கள். கம்பெனிக்கு வங்கியின் வாசல் அடைக்கப்படுகிறது. ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்திருந்த நோயாளி இந்த வழக்கில் எங்கே இருக்கிறாள்? வந்த பணம் தானமல்ல, கடன். திருடு போனாலும் திருப்பிக் கட்டப்போவது அவளும் அவள் பிள்ளைகளும்தான். ஆனாலும் அவள் பாதிக்கப்பட்டவளாகப் பிரதிக்குள் நுழையவில்லை.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் நடந்தது இன்னும் சிக்கலானது. படகு படகாக வந்தது. பக்கவாட்டில் நன்கொடையாளர் பெயர். ரசீது உண்டு, போட்டோ உண்டு, கையெழுத்து உண்டு. தணிக்கைக்கு எல்லாம் சுத்தம். கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகு குவிந்தது. இழந்ததைவிட அதிகப் படகுகள் என்று பின்னாளில் பேசப்பட்டது. படகே இல்லாத கூலிக்காரர், தலித்துகள், இருளர்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். நிறுவனங்கள் பாதிக்கப்பட்ட மக்களைவிட நன்கொடை தந்தவர்களுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தன என்பதை, உதவி அமைப்புகளே சேர்ந்து நடத்திய சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு 2006-இல் ஒப்புக்கொண்டது. இதில் மோசடி எங்கே? விதித் தொகுப்பின்படி எங்கேயும் இல்லை!

4

பழவேற்காட்டு ஏரியில் வேறொரு ஒழுங்கு எழுதப்படாமல் இருந்துவந்திருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. இறால் விழும் நல்ல இடங்களில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதை முறைவைத்தும் சீட்டுப் போட்டும் ஊர் தீர்மானிக்கிறது. நல்ல இடம் ஒருத்தனிடமே தங்கிவிடாது. முறை தவறினால் ஊர் கேட்கும். தனியாகத் தணிக்கையாளர் வேண்டாம், ஏனென்றால் தண்ணீரில் வலை கட்டுவதை எல்லாரும்தான் பார்க்கிறார்கள். உழைப்பு, அவஸ்தை என்றெல்லாம் பொருள் தரும் 'பாடு' என்ற சொல்லே பங்குக்கும் பெயராக இருப்பது தற்செயல் என்று எனக்குப் படவில்லை.

உடனே மரபின் பெருமையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டாம். பாடு பட்டினவர் ஆண்களுக்கு உரியது. பெண்ணுக்குப் பங்கில்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பங்கில்லை. இறால் ஏற்றுமதியில் காசு புரள ஆரம்பித்ததும் பிழைப்புக்காக ஏரியில் இறங்கிய மற்ற சாதியினரோடு மோதல் வந்தது. தனக்குள் கறாரான நீதி, எல்லைக்கு வெளியே கதவடைப்பு. கம்பெனிப் பிரமாணத்துக்குப் பங்குதாரன் எப்படியோ, பாட்டுக்குச் சாதி அப்படி. ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டின் கணக்கு ஏரிக்கரையில் இருக்கிறது. அதைப் பார்க்கவும் அதோடு சண்டை போடவும் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும் முடிகிறது. நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் இருக்கும் ஏட்டோடு எப்படிச் சண்டை போடுவது?

5

ஐ.நா. உள்மேற்பார்வை அலுவலகம் திறந்த அதே 1994-இன் டிசம்பரில், ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் முதல் 'ஜன் சுன்வாய்' நடத்தியது. அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவன் பெயரில் கூலி எழுதியிருந்ததை ஊர்க்காரர்களே எழுந்து சொன்னார்கள். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான் 2005-இன் தகவல் உரிமைச் சட்டமும், அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் இடம்பெற்ற சமூகத் தணிக்கையும். இங்கே புகார் சொல்பவன் நிறுவனத்தின் ஊழியனல்ல, நிறுவனத்தின் பெயரால் ஏமாற்றப்பட்டவன். அதனாலேயே இழப்பு என்ற சொல்லின் பொருளும் மாறிவிடுகிறது.

தொண்டு நிறுவனங்களோடு வேலை செய்யும் நண்பர்கள் இனி நடத்தை விதித் தொகுப்பில் கையெழுத்துப் போடும்போது ஒன்றைக் கேட்கவேண்டும். பயனாளிப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் தமிழில், அந்தக் குப்பத்தில், இருளர் பெண்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் வாசிக்கத் தயாரா? பட்டியலில் இல்லாதவள் எழுந்து 'ஏன் என் பேர் இல்லை?' என்று கேட்டால், அது புகாராகப் பதிவாகுமா? பதில் இல்லை என்று வந்தால், நாம் கையெழுத்துப் போடுவதும் கெல்ட்ரியா கோட்டையில் எடுத்த பிரமாணத்தின் மறுபதிப்பில்தான்.